ராம்வாடி வரை மெட்ரோ, அப்புறம்?

கேள்வி: சென்னையிலிருந்து ரயிலில் வரும் என் மாமனார், மாமியார் புனே ஸ்டேஷனில் இறங்கி, அன்றே டெல்லி விமானத்தைப் பிடிக்க வேண்டும். கையில் 4 பெட்டி. மெட்ரோவில் அனுப்பலாமா?
– ஒரு வாசகி, வாகட், புனே

பதில்: மெட்ரோ போகும், விமான நிலையம் வரை போகாது! ஸ்டேஷனில் ஏறினால் வண்டி மாறாமல் ராம்வாடியில் இறங்கலாம். 2024 மார்ச்சில் திறந்த தடம். அங்கிருந்து லோகேகாவ் விமான நிலையத்துக்கு மேலும் சில கிலோமீட்டர் ஆட்டோ. தோளில் ஒரே பை என்றால் லாபம்தான். 4 பெட்டியோடு லிஃப்ட், ஸ்கேனர், மறுபடி லிஃப்ட், கடைசியில் ஆட்டோ பேரம் என்றால், மருமகளைப் பற்றி மாமியார் ராம்வாடியிலேயே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்!

ஸ்டேஷனிலிருந்தே கார் பிடித்துக் கொடுங்கள், அதுவும் பெரிய காராக. சின்ன டாக்ஸிகள் பலவற்றில் டிக்கியின் பாதியை சிஎன்ஜி சிலிண்டர் அடைத்திருக்கும். 2 பெட்டி வைத்தாலே மூட வராது.

மெட்ரோ உங்களுக்குத்தான் வசதி. பிம்ப்ரி-சிஞ்ச்வட்டில் ஏறி, சிவில் கோர்ட்டில் மாறினால் ஸ்டேஷன். வெறுங்கையோடு போய் வரவேற்கலாம்.

ஒன்று மட்டும் கட்டாயம்: ரயில் வரும் நேரத்துக்கும் விமானத்துக்கும் நடுவே 5 மணி நேரமாவது இருக்கட்டும். இல்லையென்றால் இன்றே டிக்கெட்டை மாற்றுங்கள்.