புது பேட்டரி வைத்தியம்
மோரிஸ் மைனர் காலத்து பிரிட்டிஷ் கார்க்காரர்கள் கார் மின்சாதனங்கள் செய்த லூகாஸ் கம்பெனிக்கு வைத்த பட்டப்பெயர் ‘இருட்டின் இளவரசர்’. ஹெட்லைட் மங்கினால் பழி அவர் தலையில். வைத்தியம் புது பேட்டரி. சார்ஜ் ஏறாத வண்டியில் அதுவும் சீக்கிரமே படுத்துவிடும்.

டைனமோ வண்டி ஐடிலில் நிற்கும்போது டாஷ்போர்டின் சிவப்பு சார்ஜ் விளக்கு லேசாக மினுங்குவது பிறவிக்குணம். ஆக்சிலரேட்டரை மிதித்தும் அணையாவிட்டால்தான் நோய். ஃபேன் பெல்ட்டை விரலால் அமுக்கிப் பார்க்கலாம், காசு கேட்காது. பிறகு டைனமோவின் கார்பன் பிரஷ், கன்ட்ரோல் பாக்ஸ் காண்டாக்ட். (பழைய மைனரில் பாடியோடு சேர்வது பாசிட்டிவ் முனை, அவசரக்காரர்கள் பேட்டரியைத் திருப்பி மாட்டிப் புண்ணியம் தேடிக்கொள்வார்கள்.)

குரோம் பம்பரை முகம் தெரியத் தேய்ப்பவர்கள் விளக்கை மங்கவைக்கும் எர்த் ஒயர் போல்ட்டின் துருவை மட்டும் தொடுவதில்லை. கண்காட்சியில் அதற்குப் பரிசு கிடையாதே!