இட்லிக்கு எதிரான இரு கட்சிகள்

எடை குறைக்கப் புறப்பட்டவர்கள் நம்மூரில் இப்போது இரண்டு கட்சி. முதல் கட்சிக்கு மாவுச்சத்துதான் ஜென்ம விரோதி. இட்லியைக் கண்டால் பாம்பைக் கண்டதுபோல் ஒதுங்குவார்கள். காபியில் வெண்ணெய் மிதக்கும். காலை உணவு நூறு பாதாம். அதில் சுமார் 700 கலோரி இருக்கிறதே என்றால், "கலோரியா? அது பழைய கதை சார்" என்று ஒரு பார்வை.

இரண்டாவது கட்சி கணக்குப்பிள்ளைகள். சமையலறையில் தராசு, கைபேசியில் செயலி. மாவுச்சத்து கிராமுக்கு 4, கொழுப்பு 9 என்று தூக்கத்திலும் ஒப்பிப்பார்கள். ஆனால் வீட்டில் அம்மா "கண்ணளவாக" ஊற்றிய நல்லெண்ணெயை எந்தச் செயலியில் ஏற்றுவது? கல்யாணப் பந்தியில் மட்டும் இரு கட்சிக்கும் கூட்டணி. பாயசம் கணக்கில் வராது.

ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 609 பேரில் பாதிப்பேரை மாவுச்சத்தையும், மீதிப்பேரைக் கொழுப்பையும் குறைக்கச் சொல்லி ஓராண்டு கவனித்தார்கள். 2018-இல் வந்த முடிவு: முன்னவர்கள் சராசரியாக 6 கிலோ இளைத்தார்கள், பின்னவர்கள் 5.3. சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. வேடிக்கை என்னவென்றால், இத்தனை கலோரிதான் என்று யாருக்கும் வரம்பு கட்டவில்லை. காய்கறி நிறையச் சாப்பிடுங்கள், சர்க்கரையையும் மைதாவையும் குறையுங்கள் என்று இரு தரப்புக்கும் ஒரே உபதேசம். இதைத்தான் பாட்டி இலவசமாகச் சொன்னாள். கட்டணம் இல்லாததால் யாரும் கேட்கவில்லை.

ஆகவே, எதை வேண்டுமானாலும் எண்ணுங்கள். டீக்கடையில் நின்றபடி தின்ற வடையையும் சேர்த்து எண்ணுங்கள்.