பெட்டியை அளந்தீர்களா?

கேள்வி: அமெரிக்காவில் லாரிச் சரக்கை வகைப்படுத்தும் விதிகள் மாறிவிட்டனவாமே! போடி ஏலக்காய் ஏற்றுமதியாளர் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் பெட்டியை அளக்க வேண்டும். 2025 ஜூலை 19 முதல் அங்கே பல பொருள்களுக்கு, கன அடிக்கு எத்தனை பவுண்டு என்ற அடர்த்தியே கூலி வகுப்பைத் தீர்மானிக்கிறது. போடிக்கு இது புதுப் பாடமல்ல. லிட்டர் எடை பார்த்துத்தானே இங்கே காய்க்கு மதிப்பு! அக்மார்க் எக்ஸ்ட்ரா போல்டு ரகம் லிட்டருக்குக் குறைந்தது 435 கிராம். கன அடிக்குச் சுமார் 27 பவுண்டு. "கனமான சரக்குத்தானே, பிறகென்ன?" என்பீர்கள். வகுப்பு காய்க்கு அல்ல, கட்டிய பெட்டிக்கு. உள்ளே அடைபட்ட காற்றும் இடம் பிடித்து அடர்த்தியைக் குறைக்கும்; லாரிக் கூலி ஏறும். அழுத்தித் திணித்தாலோ தோல் வெடித்து விலை போய்விடும். அந்தக் கூலி, சரக்கை வாங்குபவர் பாடு என்று விடவும் முடியாது. அடுத்த முறை அவர் அதைக் கழித்துத்தான் விலை பேசுவார். காய்க்கேற்ற அளவில் பெட்டி செய்யுங்கள். நீளம், அகலம், உயரம், எடை நான்கையும் சரக்குச் சீட்டில் எழுதி அனுப்புங்கள்.