பில்லுக்கு முன் செல் நம்பர்

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். அது நம் ஊர் ஜவுளிக்கடை கவுன்டர் வரை இன்னும் வந்து சேரவில்லை. அரை டஜன் கைக்குட்டை வாங்கினாலும் "செல் நம்பர் சொல்லுங்க சார்" என்கிறார்கள். நாமும் வரிசையில் நிற்பவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி பத்து இலக்கத்தையும் ஒப்பிக்கிறோம், சரியாகக் கேட்டிருக்காதோ என்று இன்னொரு தடவையும். நம்பரைக் கட்டாயப்படுத்தக் கூடாதென்று 2023-இல் மத்திய நுகர்வோர் துறை சொல்லிப் பார்த்தது. கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

ஆதார் கதை இன்னும் ருசி. கண்ட இடத்தில் நகல் தராதீர்கள் என்று 2022 மே மாதம் ஓர் எச்சரிக்கை வந்தது. இரண்டே நாளில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். மக்கள் தவறாகப் புரிந்துகொள்வார்களாம். ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்குப் போன உயிர் திரும்பி வந்திருக்கும், பாவம்.

இதற்கெல்லாம் கொதிப்பவர், குடும்ப வாட்ஸப் குழுவில் சித்தப்பா ஒருவர்தான். "அரசாங்கம் நம்மளை வேவு பார்க்குது, உஷார்!" என்று காலையிலேயே நீளமாக எழுதுவார். அதற்கு அடுத்த பதிவு: பேரனின் பள்ளி அடையாள அட்டை, பிறந்த தேதியோடு. அதற்கும் அடுத்தது அவருடைய சர்க்கரை அளவு, வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்ட பின் ஒன்று.