ஒன்பதாம் விடை

வினா ஆறு, விடை எட்டு. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் நன்னூலில் போட்டுவைத்த கணக்கு இது. ஓ.எல். தமிழ்ப் பாடத்துக்காக இதை மனப்பாடம் செய்தவர்கள் உண்டு; மறுநாளே மறந்தவர்கள் அதைவிட அதிகம். விடை எட்டோடு நிற்கவில்லை, ஒன்பதாவது ஒன்றும் இருக்கிறது என்று நிறுவுவதே இந்த ஆய்வின் நோக்கம். களம், கம்பளையில் மகாவலியின் இரைச்சல் கேட்கும் ஒரு வீட்டின் ஹோல். கருவிகள்: ஒரு டீவி, யார் கையிலும் நிலைக்காத ஒரு ரிமோட், ஐந்து பேர், ஐந்து கோப்பை பிளேன்டீ.

வரலாறு சுருக்கமாக. 1998 செப்டெம்பர் 4ஆம் திகதி பிரித்தானியாவில் தொடங்கிய வினாவிடைப் போட்டி, 2000 ஜூலையில் அமிதாப் பச்சனோடு இந்திக்கு வந்தது. பிறகு சன் டீவியில் சரத்குமாரின் ‘கோடீஸ்வரன்’. 2012இல் விஜய் டீவியில் சூர்யாவின் ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’. இதில் ஆய்வாளர்கள் கவனிக்கத் தவறிய செய்தி ஒன்று உண்டு. 1996 ஒக்டோபர் முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கைக் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட அரை மணி முந்தி ஓடியது. சென்னையில் ஒன்பது என்றால் டிஷ் பூட்டிய கம்பளை வீட்டில் ஒன்பதரை. விடை சொல்வதில் நாம் பிந்தும் பழக்கம் அப்போதுதான் தொடங்கியது என்று ஒரு கருத்து நிலவுகிறது. அந்தக் கருத்து என்னுடையது.

இனி வகைகள். டீவிக்காரர் கேட்பது அறிவினா. விடையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கிறார். விடை சொல்பவர்களிடம்தான் சிக்கல். அம்மாயி தருவது சுட்டு விடை: திரையை நோக்கி விரல் நீளும். அந்த விரல் ‘பி’க்கும் ‘டி’க்கும் நடுவில் நிற்பதால் அவர் இதுவரை தோற்றதில்லை. பெரியப்பா, “இதுகூடத் தெரியாமலா அங்க போய் உட்கார்ந்தான்?” என்பார். அது வினாவெதிர் வினாதல். கொஞ்சம் கஷ்டமான கேள்வி வந்தால், “எனக்குக் காலையில இருந்து தலையிடி” என்பார். அது உற்றது உரைத்தல். சித்தியுடையது இனமொழி விடை. இலங்கையின் நீளமான ஆறு எது என்று கேட்டால், போன மழைக்கு ஆற்றில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று சொல்லத் தொடங்குவார். ஆற்றின் நீளம் 335 கிலோமீற்றர். சித்தியின் கதை அதைவிடச் சற்றே நீளம்.

அரங்கத்தினரிடம் கேட்கும் லைஃப்லைனைப் பற்றி ஜேம்ஸ் சுரோவிக்கி 2004இல் வெளியிட்ட நூலில் ஒரு கணக்கு இருக்கிறது. போனில் பிடித்த அறிவாளி நண்பர் ஏறக்குறைய 65 வீதம் சரியாகச் சொல்ல, சும்மா வந்து உட்கார்ந்திருந்த கூட்டம் 91 வீதம் சரியாகச் சொன்னது. ஆனால் கூட்டத்தில் ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழக்கூடாது. எங்கள் ஹோலில் முதலில் பெரியப்பாவின் குரல் ஒலிக்கும். பிறகு கூட்டம் என்று ஒன்று கிடையாது.

சிரச டீவியின் ‘லக்ஷபதி’ வந்தால் இன்னொரு அடுக்கு சேரும். சிங்களக் கேள்வியை அக்கா மகள் தமிழாக்க வேண்டும். அவள் முடிப்பதற்குள் போட்டியாளர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். இந்த இடைவெளியில்தான் ஒன்பதாம் விடை செழித்து வளர்கிறது.

சரியான விடை திரையில் பச்சையாக மின்னிய மறுகணம் வருவது அது: “நான் நினைச்சேன்!” இதற்குப் பின்னறி விடை என்று பெயரிடுகிறேன். இலக்கணம் வருமாறு: இறந்தகாலத்தில் மட்டும் வரும், தன்மை ஒருமையில் மட்டும் வரும், எதிர்மறை ஏற்காது. “நான் நினைக்கவே இல்லை” என்ற ஒருவரைக் கம்பளையிலோ, பேராதனையிலோ, நாவலப்பிட்டியிலோ நான் சந்தித்ததில்லை. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. விடை வெளியாகும்வரை வாய் திறந்திருக்கக் கூடாது. பிளேன்டீ குடிக்க மட்டும் திறக்கலாம்.

மழை இதற்குப் பெருந்துணை. டிஷ்ஷுக்கு வரும் அலையை மழைத்துளிகள் பாதி வழியிலேயே விழுங்கிவிடும். விடை வருவதற்கு ஒரு விநாடி முன் திரை இருண்டால் ஐந்து பேரும் சரி. ஐந்து பேரும் நிம்மதியாக உறங்கப் போவார்கள். தென்மேற்குப் பருவ மாதங்களில் எங்கள் வீட்டின் பொது அறிவு உச்சத்தில் இருக்கும்.

ஆய்வாளனுக்கு நேர்ந்ததையும் மறைக்கக் கூடாது. ஒரு நாள் கேள்வி வந்தது: நான்காம் புவனேகபாகு மன்னன் ஆட்சி செய்த தலைநகர் எது? தம்பதெனியா, யாப்பகூவா, குருநாகல், கம்பளை. அக்கா மகள் தமிழாக்கும்வரைகூடப் பொறுக்கவில்லை. என் கோட்பாட்டை நானே மறந்து, “குருநாகல்!” என்று தெரு கேட்கக் கத்தினேன். 1341இல் அவன் அரியணை ஏறிய ஊர் கம்பளை.

அம்மாயி இம்முறை திரையைச் சுட்டவில்லை. ஜன்னலைச் சுட்டினார். வெளியே ஊர் இருந்தது, மழை பெய்யவில்லை.