பொத்தானியல்: இடப் படலம்

எழுத்துக்கும் சொல்லுக்கும் இடம் வகுத்த நம் இலக்கணிகள் பொத்தானுக்கு மட்டும் இடம் வகுக்காமல் போனார்கள். அவர்கள் காலத்தில் கைப்பேசி இல்லை என்பது ஒரு சாக்கு. அக்குறையை நிரப்ப வந்தது இப்படலம். இதன் முதல் விதி: பொத்தான் தனித்து நில்லாது, சார்ந்தே நிற்கும்.

உரை: ஆதியில் அப்படி இல்லை. ஆண்ட்ராய்டில் அப்சல்யூட் லேஅவுட் என்றொரு முறை இருந்தது. இடமிருந்து இத்தனை, மேலிருந்து இத்தனை என்று எண்ணைச் சொன்னால் பொத்தான் அங்கே போய் உட்காரும். ஊரில் ஒரே அளவுத் திரை இருக்கும்வரை இது செல்லுபடியாகும். திரைகள் பெருகும் என்றறிந்த கூகுள் 2009-லேயே அதைக் கைகழுவியது. ஐபோன்காரர்களுக்கு 2012 வரை கவலையில்லை; 320-க்கு 480 புள்ளி என்று மனப்பாடம் செய்திருந்தார்கள். ஐபோன் 5 வந்தது, உயரம் 568 ஆனது, மனப்பாடம் வீணானது. அதே ஆண்டு ஆட்டோ லேஅவுட்டும் வந்து சேர்ந்தது.

அன்றுமுதல் எந்தப் பொத்தானும் 'இன்னாருக்குக் கீழே, இன்னாருக்கு வலப்பக்கம்' என்று உறவு சொல்லித்தான் இடம் கேட்கிறது. 2016-இல் அறிமுகமான கன்ஸ்ட்ரெயின்ட் லேஅவுட்டில் கிடைமட்டத்துக்கு ஒரு கட்டு, செங்குத்துக்கு ஒரு கட்டு தேவை. இரண்டும் இல்லாத பொத்தான் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் வடிவமைப்புப் பலகையில் வைத்த இடத்திலேயே சமர்த்தாக நிற்கும். போனில் ஓட்டிப் பார்த்தால் இடது மேல் மூலையில் போய் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஏன் அந்த மூலை? திரையின் ஆயங்கள் பூச்சியத்திலிருந்து தொடங்குவது அங்கே என்பர் பொறியாளர். ஆய்வாளனுக்கு அது போதாது. வடக்கு மேலே இருக்கத் திரையை மனையாகக் கொண்டால், அது வாயு மூலை. உறவில்லாதது காற்றோடு போகும் என்பது பெறப்படும். வலது கீழ் அக்கினி மூலை. அடுப்பு எரிய வேண்டிய அவ்விடத்தில்தான் 2014-இல் மெட்டீரியல் டிசைன் தன் மிதக்கும் வட்டப் பொத்தானை வைத்தது. ஈசானியத்தில், பூஜை அறை இருக்க வேண்டிய வலது மேல் மூலையில், கூகுள் செயலிகள் பலவும் நம்முடைய வட்டப் படத்தையே வைத்திருக்கின்றன. காலத்துக்கு ஏற்ற வழிபாடு.

வலது கை கட்டைவிரல் எளிதாக எட்டும் இடம் வலது கீழ் என்ற சாதாரண விளக்கமும் உண்டு. அதை ஒதுக்க நமக்குத் துணிவில்லை. இடக்கைக்காரர்களை ஒதுக்கிய துணிவு யாருடையதோ! பொத்தான் மேலேயா, கீழேயா என்பதிலும் மேலோர், கீழோர் என இரு சாரார். 2014-இல் ஐபோன் 6 பெருத்துப்போய் விரல் எட்டாதபோது, ஹோம் பொத்தானை இருமுறை மெல்லத் தொட்டால் திரையின் மேற்பாதியே இறங்கிவர வழி செய்யப்பட்டது. 2021-இல் சஃபாரியின் முகவரிப் பட்டையைக் கீழே இறக்கினார்கள். மேலோர் கொதித்தெழ, எங்கு வேண்டுமோ அங்கு வைத்துக்கொள்ள அமைப்புகளில் வழிவிட்டு ஆப்பிள் நழுவியது.

ஆண்ட்ராய்டில் இடம் குறிக்கும் கிராவிட்டி, லேஅவுட் கிராவிட்டி என்னும் இரட்டையர் பற்றி ஒரு சொல். தன்னுள் இருப்பதை எங்கே நிறுத்துவது என்பது முன்னது. தன் தாய்ப்பெட்டிக்குள் தான் எங்கே நிற்பது என்பது பின்னது. இவற்றை ஒருமுறையேனும் மாற்றிப் போடாத மாணாக்கனை உரையாசிரியர் கண்டதில்லை.

இனி அளவு. இலக்கு சிறுக்கச் சிறுக்க, தள்ளிப்போகப் போக, கை போய்ச்சேரும் நேரம் கூடும் என்று அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-லேயே சூத்திரம் போட்டார். தொடும் பரப்பு பக்கத்துக்கு 44 புள்ளியாவது இருக்கட்டும் என்கிறது ஆப்பிள். 48 டிபி என்கிறது கூகுள். இரண்டும் அலகால் வேறு, கருத்தால் ஒன்று.

புறனடை: மேற்கூறிய இடமும் அளவும், திரை முழுதும் மறைத்து நிற்கும் விளம்பரத்தை மூடுவதற்கான பெருக்கல் குறிக்குப் பொருந்தா. அது கடுகளவாய், வெள்ளையில் வெள்ளையாய், ஐந்து விநாடி கழித்து, எம்மூலையிலும் தோன்றும்.