அம்பில்லாமல் அடித்த வில்

கேள்வி: மகன் கனடாவில், ஒன்ராறியோவில் இருக்கிறான். மான் வேட்டைக்கென்று குறுக்குவில் ஒன்று வாங்கி, வீடியோ கோலில் நாணை ஏற்றி எங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். பேரன் எட்டி விசையைத் தட்டிவிட்டான். அம்பு போட்டிருக்கவில்லை. எழும்பிய சத்தத்தில் இங்கே எங்கள் வீட்டு நாய் படலையைத் தாண்டி ஓடிவிட்டது. "வில்லுக்கு ஒன்றுமில்லை அம்மா" என்கிறான். நம்பலாமா?
— ஒரு தாய், தோட்டவெளி

பதில்: வில்லைப் பிறகு பார்ப்போம் அம்மா. முதலில் பேரனுக்கு விரல் பத்தும் இருக்கிறதா என்று எண்ணச் சொல்லுங்கள். நாண் ஓடும் பாதையில் ஒரு பெருவிரல் இருந்திருந்தால் உங்கள் கடிதம் வேறு மாதிரி வந்திருக்கும். ஏற்றிய வில்லைப் பிள்ளையின் கைக்கெட்டப் பிடித்தவனுக்கு ஏசுகிற வேலையை உங்களிடமே விடுகிறேன். வீடியோ கோல் அதற்கும் உதவும்.

"ஒன்றுமில்லை" என்பதை நம்ப வேண்டாம். வேட்டைக்கு விற்கும் குறுக்குவில்லின் இழுவை 150 இறாத்தல் என்று வையுங்கள். ஏறக்குறைய 68 கிலோ. அம்பு இருந்தால், வளைந்த வில்லில் சேர்ந்த சக்தியில் பெரும்பங்கை அது வாங்கிக்கொண்டு பறந்துவிடும். அம்பு இல்லையென்றால் அந்தச் சக்திக்குப் போக்கிடம் கிடையாது. சுமையில்லாத நாண் வழக்கத்தைவிட வேகமாகப் பாய்ந்து சடாரென்று நிற்க, அந்த அடி முழுவதும் வில்லின் வளைகிற இரு கைகளிலும் நாணிலும் கை நுனிச் சக்கரங்களிலும் இறங்குகிறது. நீங்கள் கேட்ட சத்தம் அதுதான். உங்கள் வீட்டில் சரியான முடிவு எடுத்தது நாய் மட்டும்.

கேள்வி: சரி, எதையெதைப் பார்க்கச் சொல்வது? எனக்கு வில் தெரியாது. அரிசியில் கல் பார்க்கத் தெரியும்.
— அதே தாய்

பதில்: அது தெரிந்தால் போதும். வேண்டியது அதே கண், அதே பொறுமை.

முதலில், நாணை மறுபடி ஏற்றக் கூடாது. நாண் சக்கரத்தை விட்டு வெளியே பாய்ந்திருந்தால் கையால் இழுத்து மாட்டவும் கூடாது; அப்படியே மூடிக் கடைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். வெளியே பாயவில்லை என்றால் வில்லை மேசையில் கிடத்தி, டோர்ச் ஒன்றும் பஞ்சு கொஞ்சமும் எடுக்கச் சொல்லுங்கள்.

பஞ்சை உருட்டி, வில்லின் கைகள் ஒவ்வொன்றிலும் மேலும் கீழும், முக்கியமாக இரு விளிம்புகளிலும், மெதுவாக இழுத்துக்கொண்டு போக வேண்டும். கைகள் கண்ணாடியிழையிலோ கார்பனிலோ செய்தவை. எங்காவது இழை கிளம்பியிருந்தால் பஞ்சு அதில் சிக்கி ஒரு வெள்ளை மயிர் நிற்கும். கண்ணுக்குத் தப்புவது பஞ்சுக்குத் தப்பாது. இதை வெறும் விரலால் செய்து பார்க்கிற வீரர்கள் உண்டு. கண்ணாடியிழைச் சிராய் விரலில் ஏறினால் எடுப்பதற்குள் உயிர் போய்விடும். சிராயும் கண்ணுக்குத் தெரியாது.

பிறகு டோர்ச். நேராக அடித்தால் எல்லாம் பளபளவென்று அழகாகத்தான் இருக்கும். சரித்துப் பிடித்தால்தான் வெடிப்பு நிழல் காட்டும். கை வில்லின் உடம்போடு சேரும் இடத்தையும், சக்கரம் மாட்டியிருக்கும் நுனியையும் இரண்டு மடங்கு நேரம் பார்க்க வேண்டும். வெண்கோடு, படை பிரிந்த விளிம்பு, சின்ன உப்பல், எது தெரிந்தாலும் பரிசோதனை முடிந்தது. அந்தக் கைகளுக்கு இனி வேலை இல்லை. "இது பெயின்ற் வெடிப்புத்தான்" என்று மகன் சொல்லக்கூடும். இருக்கலாம். அதைத் தீர்மானிக்கிற இடம் அவனுடைய சாப்பாட்டு மேசை அல்ல.

நாணில், நடுவே இறுகச் சுற்றியிருக்கும் நூல் விலகி இடைவெளி விழுந்திருக்கிறதா, உள்ளே ஓர் இழையாவது அறுந்து பிசிறு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். குறுக்கே ஓடும் கேபிள்களிலும் அப்படியே. சக்கரங்களை வில்லின் முன்னால் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி நிமிர்ந்து நிற்க வேண்டும். ஒன்று சாய்ந்திருந்தால் அச்சு வளைந்திருக்கிறது, அல்லது கை முறுகியிருக்கிறது. சக்கர விளிம்பில் நெளிவோ கூரான வெட்டோ இருந்தால் அது அடுத்த நாணையும் அறுக்கும். அச்சின் முனையில் இருக்கும் சின்னக் கிளிப் தெறித்துப் போயிருந்தால் அநேகமாகத் தரையில், சோபாவுக்கு அடியில் கிடக்கும். நாணைப் பிடிக்கும் கொக்கி, பூட்டு, தொலைநோக்கியின் திருகாணி, காலை வைக்கும் வளையம், இவற்றை ஒருமுறை பார்த்தால் போதும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் வில் தேறிவிட்டது என்று அர்த்தமில்லை. சில வெடிப்புகள் கை வளையும்போது மட்டுமே வாய் திறக்கும். அதைப் பார்க்க வில்லை அமுக்கிப் பிடிக்கும் பொறி வேண்டும். அது கடையில் இருக்கும். ஏற்றாத வில்லிலும் இழுவிசை நிற்கிறது, ஆகவே திருகாணியைக் கழற்றி "உள்ளே பார்க்கிற" வேலையும் வேண்டாம்.

கேள்வி: இன்னுமொரு தடவை ஏற்றி, அம்பு போட்டு அடித்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்கிறானே?
— மறுபடியும் அதே தாய்

பதில்: தெரிந்துவிடும். அவனுடைய கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துத் தெரியும்.

கேள்வி: இப்போது வருகிற வில்களில் அம்பில்லாமல் அடிக்கவே முடியாதாமே? பிறகு எதற்கு இந்தப் பஞ்சும் டோர்ச்சும்?
— பேசாலை வாசகர்

பதில்: உண்மைதான், பல வில்களில் அதற்கென்றே ஒரு கொக்கி வைக்கிறார்கள். அம்பு இடத்தில் இல்லையென்றால் அது விசையை வேலை செய்ய விடாது, அல்லது புறப்பட்ட நாணைச் சிறிது தூரத்திலேயே மறித்துப் பிடிக்கும். மறித்தாலும் அது ஓர் உதறல். நாணையும் கொக்கியையும் பார்க்கத்தான் வேண்டும். கொக்கியும் ஓர் உலோகத் துண்டு. அது தேயும், அழுக்கேறும்.

அம்பு இருந்தும் வெறும் அடி விழும் என்பது பலருக்குத் தெரியாது. அம்பின் வால்முனை அந்த வில்லுக்குப் பொருந்தாததாக இருந்தால் நாண் அம்பைத் தள்ளாமல் அதற்கு மேலாலோ கீழாலோ வழுக்கிப் போகும். அம்பு பாரம் குறைந்திருந்தாலும் பாதி வெறும் அடிதான். குறுக்குவில் அம்புக்குப் பல தயாரிப்பாளர்கள் சொல்லும் குறைந்த பாரம் 400 கிரெயின் அளவில் இருக்கும். கிட்டத்தட்ட 26 கிராம். "வேகமாகப் பறக்கட்டும்" என்று பாரத்தைக் குறைக்கிறவர் வில்லின் ஆயுளையும் சேர்த்துக் குறைக்கிறார்.

கேள்வி: நாங்கள் செபஸ்தியார் கூத்துப் பழகுகிறோம். அம்பு ஆபத்தென்று அண்ணாவியார் எல்லாவற்றையும் வாங்கிப் பூட்டிவிட்டார். வெறும் வில்லை இழுத்து விட்டு விட்டே, நான்கு மூங்கில் வில்லில் இரண்டு முறிந்துவிட்டன. என்ன செய்வது?
— தோட்டவெளி இளைஞர்கள்

பதில்: அண்ணாவியார் செபஸ்தியாராக நடிக்கும் பொடியனைக் காப்பாற்றியிருக்கிறார். தண்டனை வில்லுக்குப் போய்விட்டது. மேலே அந்தத் தாய்க்குச் சொன்ன கணக்கு மூங்கிலுக்கும் பொருந்தும். மிச்சமிருக்கும் இரண்டையும் வெயிலில் பிடித்துப் பாருங்கள். நீங்கள் இழுக்கும்போது உங்களைப் பார்க்கும் பக்கத்தில் குறுக்கே மெல்லிய சுருக்கக் கோடுகள் விழுந்திருக்கிறதா? எதிர்ப்பக்கத்தில் சிம்பு கிளம்பியிருக்கிறதா? இருந்தால் அடுப்புக்கு. சரியாக இருந்தால் நாணைத் தளர்த்திக் கட்டுங்கள். இழுத்த கையை விடாமல் அப்படியே முன்னே கொண்டுவாருங்கள். சத்தத்தை மத்தளக்காரர் பார்த்துக்கொள்வார். அவருக்கு அதற்குத்தான் மடிப்பெட்டியில் வெற்றிலை.

மன்னார்ப் பேராலயமே செபஸ்தியார் பெயரில் இருப்பதால் உங்களுக்குத் தெரியாத கதை அல்ல. ஆனாலும் நினைவூட்டுகிறேன்: மரபுப்படி செபஸ்தியார் அம்புகளுக்குச் சாகவில்லை. ஐரீன் என்ற பெண் காயத்துக்கு மருந்திட்டுப் பிழைக்க வைத்தார். பிறகுதான் மன்னன் தடியால் அடித்துக் கொல்வித்தான். மிச்ச இரண்டு வில்லும் ஜனவரி 20 திருநாளுக்கு முன் முறிந்தால் நேரே தடிக் காட்சிக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் குறுக்குவில் எப்போதாவது இருந்ததா? போர்த்துக்கேயர் மன்னார்க் கோட்டைக்குக் கொண்டுவந்திருப்பார்களோ?
— மன்னார் நகர் ஆசிரியர்

பதில்: 1498இல் வாஸ்கோ ட காமாவுடன் இந்தியாவுக்கு வந்தவர்களிடம் குறுக்குவில் இருந்தது. மன்னார்க் கோட்டை எழும்பிய 1560க்குள் துப்பாக்கி அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆகவே கோட்டைச் சுவரில் குறுக்குவில் தேடி அலைய வேண்டாம். தமிழில் இன்னும் பழைய தடம் இருக்கிறது: மதுரை மதிலில் இருந்த போர்ப்பொறிகளைச் சொல்லும்போது சிலப்பதிகாரம் வளைவிற்பொறியையும் சேர்க்கிறது. தானே வளைந்து எய்யும் பொறி என்பது உரை. தோளில் மாட்டிக்கொண்டு போகிற சாமான் அல்ல.

இந்த விடயத்தில் மன்னாருக்கு உரிமையுள்ள ஆள் ஜேம்ஸ் ஹோர்னல். 1902இல் ஹெர்ட்மன் என்ற விஞ்ஞானியுடன் மன்னார் வளைகுடா முத்துப்பார்களை ஆராய வந்தவர், பிறகு சென்னை மீன்வளத் துறைக்குத் தலைமை தாங்கினார். 1924இல் தென்னிந்தியாவின் ஊதுகுழல், வளைதடி, குறுக்குவில் மூன்றையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சிப்பி எண்ண வந்த மனுசன் கடைசியில் வில் எண்ணினார். அரசாங்க உத்தியோகத்தில் அப்போது அவ்வளவு ஓய்வு இருந்திருக்கிறது.

கேள்வி: இராமர் சிவதனுசை முறித்தாரே, அதுவும் அம்பில்லாமல் அடித்ததால்தானா?
— தலைமன்னார் வாசகி

பதில்: இல்லை. நாணை விடுவதற்கு முன்பே, வளைக்கும்போதே முறிந்தது. இழுக்க வேண்டிய அளவுக்கு மேல் இழுத்த குற்றம் அது. கடைக்காரர் வேறு பக்கத்தில் எழுதுவார். வான்மீகி கணக்கில் எட்டுச் சக்கரப் பெட்டியில் வைத்து ஐயாயிரம் பேர் இழுத்து வந்த வில். அதன் கைகளில் பஞ்சு ஓட்டிப் பார்க்க சனகனுக்கு ஒருவர்கூடக் கிடைக்கவில்லை.

கேள்வி: எனக்கும் இப்படி ஒரு வில் கிடைத்தால் வங்காலைப் பக்கம் போய் ஒரு கை பார்ப்பேன்.
— பெயர் எழுதாதவர்

பதில்: வங்காலை 2008 முதல் சரணாலயம், 2010 முதல் ராம்சார் ஈரநிலம். அங்கே வில்லோடு போனால் பிறகு அதில் வெடிப்பு உண்டா என்று பார்க்கும் வேலை உங்களுக்கு இருக்காது. அதை அதிகாரிகள் எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள்.

கேள்வி: கடைக்காரர் பார்த்துவிட்டு இரண்டு கைகளையும் மாற்ற வேண்டும் என்கிறாராம். வெடிப்பு ஒன்றில்தானே? உத்தரவாதத்தில் வராதா? வராவிட்டால் வில்லை யாருக்காவது விற்றுவிடப் போகிறானாம்.
— தோட்டவெளித் தாய், கடைசியாக

பதில்: கைகள் ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்த்துச் செய்தவை, சோடியாகத்தான் மாற்றுவார்கள். நாணையும் கேபிளையும் அதோடு மாற்றிவிடுவது நல்லது. அம்பில்லாமல் அடித்த சேதத்தைப் பெரும்பாலான உத்தரவாதங்கள் ஏற்பதில்லை. "தானாக வெடித்தது" என்று சொல்லிப் பார்க்கவும் வேண்டாம். இதே தொழிலாக இருப்பவர் நாணின் நடுநூலைப் பார்த்தே கதையைச் சொல்லிவிடுவார்.

விற்பதென்றால் நடந்ததை எழுதிக் கொடுத்து விற்கட்டும். மறைத்து விற்றால் அந்தக் கை வெடிப்பது வாங்கியவரின் முகத்துக்கு முன்னால். திருத்துவதென்றால், கடைக்காரர் சரியென்று எழுதித் தரும்வரை நாணை ஏற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். பேரன் நிற்கிற அறையில் அதற்குப் பிறகும் வேண்டாம்.